ஜெல்லைத் தேய்த்தால் உருண்டு வருவது உங்கள் தோல் அல்ல

சிங்கப்பூர்க் கடைத்தொகுதிகளில் மேசை போட்டு, "அக்கா, ரெண்டு நிமிஷந்தான், ஃப்ரீ" என்று கூப்பிடுகிறார்கள். புறங்கையில் ஒரு துளி ஜெல் வைத்து வட்டமாகத் தேய்த்ததும் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உருண்டு வரும். "பாருங்க, எவ்வளவு செத்த தோல்! முகத்துல இன்னும் மோசம்." இப்படி உட்கார்ந்த பெண்மணி ஒருவர், பத்து முறை ஃபேஷியலும் கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் புரதம்) சீரமும் சேர்த்து 1,800 வெள்ளியை அங்கேயே கட்டிவிட்டார். மூன்றாவது முறைக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு. போய்க் கேட்டால், "நச்சு வெளியேறுது, மிச்சத்தையும் முடிங்க" என்று பதில். பணம் திரும்பவில்லை.

அந்தத் திரி ஜெல்லிலிருந்தே வருகிறது. அதைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கார்போமரோ செல்லுலோஸோ தேய்க்கத் தேய்க்கத் திரண்டுவிடும். வியர்வையின் உப்பு பட்டாலும் கார்போமர் ஜெல் உடையும். உதிரவிருந்த செதில் கொஞ்சம் அதில் ஒட்டி வரலாம், அவ்வளவுதான். அதே ஜெல்லைச் சுத்தமான கண்ணாடித் தட்டில் தேய்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் திரி வந்தால் விஷயம் முடிந்தது. கணக்கும் இதையே சொல்கிறது: மேல்தோலின் உச்சியிலுள்ள இறந்த செல் அடுக்கு, புறங்கையில் சுமார் 15 முதல் 30 மைக்ரான் தடிமன்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 5 செ.மீ.க்கு 5 செ.மீ. இடத்தில் அதை முழுவதும் உரித்தாலும் 0.04 முதல் 0.08 மில்லிலிட்டர், ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் அளவுதான். அப்படி உரிந்திருந்தால் கை எரியும்.

அந்த அடுக்கு அழுக்கு அல்ல. உடம்பின் ஈரத்தைக் காப்பது அதுதான். சுமார் ஒரு மாதத்தில் தானாகவே உதிர்ந்து புதிதாகும். வாராவாரம் தேய்த்து, தோலை உரிக்கும் அமிலமும் தடவினால் தோல் அழன்றுபோகும். மேல்தோலின் அடிவரிசையிலுள்ள மெலனின் (நிறமி) செல்கள் நிறத்தைக் கூட்டும். நம்மைப் போன்ற மாநிறத்தோருக்கு இந்தக் கருந்திட்டு இன்னும் எளிதாக வரும். மறையப் பல மாதம் ஆகும். நிறமி உள்தோலுக்கு இறங்கிவிட்டால் வருடக்கணக்கு.

கொலாஜன் சீரமும் ஏமாற்றுத்தான். கொலாஜன் மூலக்கூறு சுமார் 3,00,000 டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு). தோலைத் தாண்டி உள்ளே போக 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மேலேயே தங்கி ஈரப்பசை தரும், சுருக்கத்தை நிரப்பாது.

திட்டு வந்துவிட்டால் மிச்சமுள்ள முறைகளுக்குப் போகாதீர்கள். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரும் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் போதும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டுங்கள். தேவைப்பட்டால் தோல் நிபுணருக்கு எழுதிக் கொடுப்பார்கள். கடையில் கொடுக்கும் "வெளுப்புக் கிரீம்" எதையும் மேலே பூச வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் பேச்சு, தேதியுடன் கூடிய படங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். அங்கே தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரண்டு வருடத்துக்குள். "முழுத் தீர்வு" என்று எழுதிய தாளை நீட்டினால், பணம் கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.