தங்க இடம் மட்டும் போதுமா? வெளியூர் நோயாளிகளுக்கான விடுதிகள்: ஓர் ஒப்பீடு

என் தங்கை மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, "இலவசமாகத் தங்க இடம் கிடைக்குமா?" என்றுதான் நானும் எல்லோரிடமும் விசாரித்தேன். கேட்டிருக்க வேண்டியது வேறு: அங்கே அடுப்பு உண்டா?

கீமோ ஏறிய பிள்ளைக்குக் கடைச் சாப்பாட்டின் வாசனையே குமட்டும். விடியற்காலையில் எழுந்து, "மாமா, ரசம் சோறு" என்பான். குழைய வடித்துக் கொடுத்தால் நான்கு வாய் இறங்கும். நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ரத்தத்தில் குறைந்திருக்கும் நாட்களில் சுத்தமில்லாத சாப்பாடு ஆபத்தும்கூட. அந்த நாட்களில் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தூரமும் கணக்கில் வருவது அதனால்தான்.

சென்னையில் அரசு மருத்துவமனை வளாகங்களில் மாநகராட்சி நடத்தும் காப்பகங்கள் அருகில் இருப்பதில் முதலிடம். பணம் கட்ட வேண்டாம். வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்து, தரை கழுவ வருபவர் எழுப்பும்போது சுருட்டிக்கொண்டு எழுகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அது உடனிருப்பவர்கள் இரவு படுக்க ஏற்பட்ட இடம். வார்டிலிருந்து அனுப்பப்பட்டு, அடுத்த ஊசிக்காகக் காத்திருக்கும் நோயாளியை எங்கே வைத்துக்கொள்வது?

அந்த இடைவெளியை நிரப்புவது செயின்ட் ஜூட் இல்லங்கள். 2006இல் மும்பையில் தொடங்கி, இன்று சென்னை, வேலூர் உட்படப் பல ஊர்களில் இருக்கின்றன. புற்றுநோய்க்கு சிகிச்சை பெறும் ஏழைக் குழந்தையும் பெற்றோரும் ஒரு ரூபாய் செலவில்லாமல் தங்கலாம். குடும்பத்துக்குத் தனி இடம், சமைக்க அடுப்பு, மளிகைப் பொருள், மருத்துவமனைக்குப் போய்வர வண்டி, பிள்ளைக்குப் பாடம். ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளும். கைக்காசு தீர்ந்து பாதியில் ஊர் திரும்பும் குடும்பங்கள் உண்டு. அவர்களைச் சிகிச்சையைத் தொடர வைப்பது இத்தகைய வீடுதான். என் கணக்கில் இதற்கு இணை இல்லை. ஆனால் குழந்தைகளுக்கு மட்டும். மருத்துவமனையின் பரிந்துரையும் வேண்டும்.

பெரியவர்களுக்கு? மும்பை டாடா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை இருக்கிறது. முழு இலவசமில்லை, சொற்பக் கட்டணம். நோயாளியும் உடன் தங்கலாம்.

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சிறு லாட்ஜுகளைக் காசு வாங்குகிறார்கள் என்பதற்காக ஒதுக்கிவிட முடியாது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் அங்கே அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து மீன் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். பத்து நாள் பரிசோதனைக்கு அது நல்ல ஏற்பாடு. ஆறு மாதம் என்றால் வாடகையிலேயே நிலம் போய்விடும்.

நாங்கள் செய்த தவறு, லாட்ஜுக்கு ஒரு மாத முன்பணம் கட்டிய பிறகு, இத்தகைய உதவிகளுக்கு வழிகாட்ட மருத்துவமனையிலேயே இருக்கும் மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்த்தது. பதிவுச் சீட்டு கைக்கு வந்ததும் முதலில் அவர் அறைக்குப் போங்கள். ரேஷன் அட்டை, வருமானச் சான்றிதழ் நகல்கள் கையில் இருக்கட்டும். பெட்டியைப் பிறகு இறக்கலாம்.