கொண்டைக்கடலை வேக: குக்கரா, ஆப்பசோடாவா?

ராத்திரி ஊறப்போட மறந்துபோன கொண்டைக்கடலையைச் சீக்கிரம் வேகவைக்க நம் வீடுகளில் இரண்டு வழி: குக்கர், இல்லையென்றால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா. இரண்டுமே வேதிவினையை விரட்டுகின்றன. விரட்டும் விதம்தான் வேறு.

குக்கர் நம்பியிருப்பது வெப்பநிலையை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் போகும். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் கொதிநிலையும் 120 டிகிரி வரை ஏறுகிறது. 10 டிகிரி கூடினால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்த 20 டிகிரிக்கே நாலு மடங்கு! மலை மேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் கடலையோடு மல்லுக்கட்ட முடியாது.

ஆப்பசோடா வெப்பநிலையைத் தொடுவதே இல்லை. தண்ணீரைக் காரத்தன்மை உள்ளதாக்குகிறது. கடலையின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் அதில் சீக்கிரம் சிதைகிறது. புளி இதற்கு நேர் எதிர். பருப்பு வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றினால் பாட்டி அதட்டுவது இதனால்தான். ஆனால் சோடா கொஞ்சம் தூக்கலானாலும் தோல் வழுவழுத்து, சோப்பு வாடை தட்டும். பி1 வைட்டமினும் அழியும்.

சுண்டலுக்கு என் ஓட்டு குக்கருக்கு. கடலை முழுசாக நிற்க வேண்டுமே. ஹம்முஸ் (அரபு நாட்டுக் கடலை விழுது) அரைப்பதென்றால் தோல் கழன்று குழைய வேண்டும், அங்கே சோடாவே போடலாம்.