எட்ஜ் உலாவியின் வாசிப்புக் கருவி: டிஸ்லெக்ஸியா உள்ள டர்பன் பிள்ளைக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

மைக்ரோசாஃப்டின் ‘இம்மெர்சிவ் ரீடர்’ இலவசம். எட்ஜ் உலாவி, வேர்ட், ஒன்நோட் மூன்றிலும் கூடவே வருகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வளரும் பிள்ளைக்கு வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் கூடுதலாக ஜூலு அல்லது ஆஃப்ரிகான்ஸ், வார இறுதியில் தமிழ்ச் சங்க வகுப்பில் தமிழ். எட்ஜ் இவை எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்துக்கு லியா, லூக் என்ற குரல்கள். ஜூலுவுக்கு தாண்டோ, தெம்பா. தமிழுக்கு பல்லவி, வள்ளுவர். (குரலுக்கு வள்ளுவர் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!)

டிஸ்லெக்ஸியா என்றால் சோம்பலோ மந்தபுத்தியோ கிடையாது. எழுத்தைக் கண்டதும் அதன் ஒலியைச் சட்டென்று பிடிக்க முடியாத சிக்கல் அது. சொன்னால் புரிந்துகொள்ளும் பிள்ளை, அதையே வாசிக்கச் சொன்னால் அரைப் பக்கத்தில் களைத்துப்போகும். இந்தக் கருவி அந்தக் களைப்பைக் குறைக்கிறது; வாசிக்கக் கற்றுத்தருவதில்லை. ஆகவே முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளையை இதன் முன் உட்காரவைக்க வேண்டாம். அந்த வயதில் எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியர்தான் தேவை. வாசித்துப் பாடம் படிக்கத் தொடங்கும் நான்காம் வகுப்பிலிருந்து இது உண்மையிலேயே உதவும்.

கட்டுரைப் பக்கத்தைத் திறந்து எஃப்9 விசையை அழுத்தினால் விளம்பரமெல்லாம் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். முகவரிப் பட்டையில் ரீடரின் சின்னம் வராத பக்கத்தில், வேண்டிய பத்தியைத் தேர்ந்து வலது சொடுக்கிட்டு ரீடரில் திறக்கலாம். அடுத்து, வாசிக்கும் வரிகளை மட்டும் தெளிவாகக் காட்டி மற்றவற்றை மங்கலாக்கும் ‘லைன் ஃபோகஸ்’. ஒன்று, மூன்று, ஐந்து வரி என மூன்று அளவு உண்டு. மூன்றில் தொடங்குங்கள், வரி தாவும் பிள்ளைக்கு ஒன்று. குரலின் வேகத்தைச் சற்றுக் குறைத்து வையுங்கள்.

இடைவெளியைக் கூட்டும் வசதியைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். எழுத்துகளைத் தள்ளித் தள்ளி அச்சிட்டால் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகள் மேலாக வாசிப்பதை, இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. தமிழில் மட்டும் ஒரு கவனம்: இடைவெளி கூடியதும் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகுகின்றனவா என்று பாருங்கள். விலகினால் அதை விட்டுவிட்டு எழுத்தளவை மட்டும் பெரிதாக்குங்கள். பின்னணி நிறங்கள் கண்ணுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். மருந்தென்று நினைக்க வேண்டாம். வண்ணக் கண்ணாடிகளும் வண்ணத் தாள்களும் டிஸ்லெக்ஸியாவைத் தீர்க்கும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லையென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் அமைப்புகள் 2009-லேயே கூட்டாகச் சொல்லிவிட்டன. அதற்குக் காசு கேட்கும் கடைகளைத் தாண்டிப் போங்கள்.

தமிழில் இது நன்றாகச் செய்வது ஒன்று உண்டு. ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பாகம்’ மூன்றிலும் ஒரே ககரம், ஒலி மூன்று. ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளை இங்கேதான் திணறும். குரலைக் கேட்டபடி கண்ணை ஓட்டினால் அது பழகிவிடும். ‘கொ’ போன்றவையும் அப்படியே: கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, காது முதலில் ககரத்தைக் கேட்கிறது.

குறைகளும் இருக்கின்றன. ந-ன, ர-ற வேறுபாட்டைக் காதால் பிடிப்பது கடினம். எனவே எழுத்துப்பிழைக்கு இது தீர்வாகாது. குரல் வாசிக்கும் சொல் திரையில் நிறம் மாறும். ஆனால் ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பது முழுதும் ஒரே நிறமாக மாறினால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியாது. இத்தகைய சொற்களைப் பாடம் தொடங்குமுன் தாளில் ‘போய்க் – கொண்டு – இருந்தவர் – களுக்கு’ என்று பிரித்து எழுதிக் காட்டிவிடுவது நல்லது.

பெரும்பாலானோர் சலித்துப்போய்க் கைவிடுவது வேறு இடத்தில். சங்க வகுப்புத் தாள்கள் பல பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரியும். ரீடரில் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே கொடுக்க வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். அதை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸாகத் திறந்து எழுத்தாக்கி, பிழை திருத்திப் பயன்படுத்தலாம். ஆங்கிலக் குறிப்பும் தமிழ் வரியும் கலந்த தாளானால் குரலைக் கையால் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் வரியை விழுங்கிவிடும்.

இன்னொரு தொல்லை இணையம். இயல்பாகப் பேசும் குரல்களுக்கு இணைப்பு வேண்டும். டேட்டா தீர்ந்தாலோ மின்வெட்டில் வைஃபை போனாலோ நின்றுவிடும். விண்டோஸ் அமைப்பில் ‘ஸ்பீச்’ பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலை முன்பே இறக்கி வைத்தால், சற்று இயந்திரத்தனமாக இருந்தாலும் இணைப்பில்லாமல் ஓடும்.

தினம் ஒரு சிறு பத்தி, நாற்பது சொல் போதும். முதல்முறை கேட்கட்டும், அடுத்து குரலோடு சேர்ந்து வாசிக்கட்டும், பிறகு குரலை நிறுத்தித் தானே வாசிக்கட்டும். கேட்பதோடு நிறுத்தினால் பாடம் தெரியும், வாசிப்பு வளராது.

எந்த அமைப்பு எந்தப் பாடத்துக்கு உதவியது என்று தேதியோடு குறித்து, வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து ஆதரவு தருவதற்கான தென்னாப்பிரிக்காவின் 2014-ஆம் ஆண்டு ‘சயாஸ்’ (SIAS) கொள்கைப்படி முதல் படிவத்தை நிரப்புவது ஆசிரியர். அடுத்தது பள்ளியின் ஆதரவுக் குழுவிடம் போகிறது. தேர்வில் கூடுதல் நேரமோ கேள்வியை வாசித்துக் காட்டும் ஆளோ கேட்கும்போது, பிள்ளை ஆண்டு முழுதும் இப்படித்தான் படித்தது என்பதற்கு அந்தக் குறிப்பு சான்றாக நிற்கும். மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) வரை காத்திருக்காமல் சில வகுப்புகள் முன்னதாகவே கேளுங்கள்.