வைஃபை சேருது, நெட் மட்டும் வரலைன்னு கடைக்குப் போயி 3,800 ரூபாயை விட்டுட்டு நிக்கிறேன்

தர்மபுரியில போன் சர்வீஸுக்குக் குடுக்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க. நேத்து ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. 3,800 ரூபாய். கடை பேரைப் போடாதன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு, அதனால போடலை. டவுன்ல இருக்கிற ஒரு செல்போன் சர்வீஸ் கடை, அவ்வளவுதான் சொல்லுவேன்.

நான் பாலக்கோடு பக்கத்துல ஒரு கிராமத்துல தையல் வேலை பார்க்கிறேன். ப்ளவுஸ் மாடல் எல்லாம் வாட்ஸ்அப்லதான் அனுப்புவாங்க. வீட்டுக்குள்ள டவர் கிடைக்காது, வைஃபை இருந்தாத்தான் எனக்குப் பொழப்பு. போன திங்கட்கிழமைக்கு முந்தின நாள் மழையில இடி இடிச்சு மோடம் போச்சு. நெட் கனெக்ஷன் குடுக்கிற தம்பி திங்கட்கிழமை வந்து வேற மோடம் மாட்டிட்டுப் போனான். வீட்டுல இருக்கிற ஒவ்வொரு போன்லயும் திரும்ப அடிக்க வேண்டாமேன்னு பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையுமே வெச்சுக் குடுத்தான். அவர் போன் ஓடுச்சு, பொண்ணு போன் ஓடுச்சு, அத்தை பார்க்கிற டிவியும் ஓடுச்சு. என்னுது மட்டும் இல்லை. வைஃபையில சேர்ந்துக்குது, ஆனா மேல அந்த விசிறிக் குறிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு ஆச்சரியக்குறி. உள்ள போயிப் பார்த்தா 'இன்டர்நெட் இல்லை'ன்னு வருது. வாசல்ல நின்னு டேட்டா போட்டா எல்லாம் வருது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ஃப்ளைட் மோடு போட்டு எடுத்தேன், ஒண்ணும் ஆகலை. நெட் தம்பிக்குப் போன் பண்ணா, லைன் வேலையா மாரண்டஹள்ளி பக்கம் இருக்கேன்க்கா, அடுத்த வாரம் வர்றேன்னுட்டான். கையில முகூர்த்தத் துணி கிடக்கு. அடுத்த வாரம் வரைக்கும் எங்க பொறுக்கிறது? புதன்கிழமை பஸ் ஏறிட்டேன்.

கடையில இருந்த பையனுக்கு முப்பது வயசு இருக்கும். நல்ல மரியாதையாப் பேசினான். "எந்த ஊருக்கா?"ன்னு கேட்டான். சொன்னேன். "அட, எங்க பெரியம்மாவை அங்கதான் குடுத்திருக்கு"ன்னான். அந்த ஒரு வார்த்தையில நான் விழுந்துட்டேன். நம்ம ஊரு உறவு, நம்மளையா ஏமாத்தப் போறான்னு நினைச்சேன். போனைக் கழட்டி, போர்டை எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெச்சான். எதிர்ல இருந்த திரையில அது ஊரு மேப்பு மாதிரி பெருசாத் தெரிஞ்சுது. சாமணம் முனையால ஒரு கருப்புக் கட்டத்தைத் தொட்டுக் காட்டி, "இதான்க்கா வைஃபை ஐசி, வைஃபையை ஓட்டுற சிப்பு. ஓரத்துல பாருங்க, கருகியிருக்கு. இடி அடிச்சதுல போயிருக்கு"ன்னான். எனக்குத் தெரிஞ்சது எல்லாமே கருப்புக் கட்டம்தான். எது கருகினது, எது கருகாததுன்னு எனக்கென்ன தெரியும்? தலையை ஆட்டினேன். இடி இடிச்ச கதையை அவனுக்குச் சொன்னதே நான்தான். அதையே எடுத்து எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கான், நானும் ஆமாம்னு கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

4,000 ஆகும், கேஷா குடுத்தா 3,800-ன்னான். பில் கேட்டதுக்கு, "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும்க்கா, உங்களுக்கு எதுக்கு"ன்னு விசிட்டிங் கார்டுக்குப் பின்னாடி தேதியும் தொகையும் கிறுக்கிக் குடுத்தான். பர்ஸ்ல இருந்தது மூணு பேரு குடுத்த அட்வான்ஸ் பணம். எடுத்து எண்ணிக் குடுத்தேன். லைனிங் ப்ளவுஸுக்கு நான் வாங்கிறது 250 ரூபாய். 3,800-ன்னா பதினைஞ்சு ப்ளவுஸ் தைச்சாலும் ஐம்பது ரூபாய் குறையும். சாயங்காலம் அவன் கடை வைஃபையில யூடியூப் ஓட்டிக் காட்டினான், ஜம்முன்னு ஓடுச்சு. டீ வாங்கிக் குடுத்தான். குடிச்சிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தா அதே ஆச்சரியக்குறி.

அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணேன். "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா." பண்ணேன். மறுநாள், "உங்க லைன்ல பிராப்ளம்க்கா." மத்த போன் எல்லாம் ஓடுதே தம்பின்னேன். "அப்படித்தான் இருக்கும்க்கா"ன்னான். இது ஒரு பதிலா? சனிக்கிழமை வேலையைப் போட்டுட்டு நேர்லயே போனேன். கடை வைஃபையில போட்டு, "பாருங்க ஓடுது. எங்க வேலை முடிஞ்சுது"ன்னான். அப்புறம் சாப்ட்வேர் ஏத்தினா சரியாகும், 600 ஆகும், போட்டோ எல்லாம் போயிடும்னான். நல்லவேளை குடுக்கலை. ஊரு, பெரியம்மா எல்லாம் அன்னைக்கு அவன் வாயில வரவே இல்லை. ஞாயித்துக்கிழமையில இருந்து போன் எடுத்தா வேற ஒரு பையன், "அண்ணன் வெளிய போயிருக்காரு."

நேத்து நெட் தம்பி வந்தான். போனைக் கையில வாங்கினான். வைஃபைக்குள்ள போயி எங்க வீட்டுப் பேருக்குப் பக்கத்துல இருக்கிற பல்சக்கரத்தைத் தொட்டான். "அக்கா, இதுல யாரு ஸ்டேட்டிக்னு போட்டது?" அக்கா பையன் போன வருஷம் லீவுக்கு வந்தப்போ, நெட் வேகமா வரும்னு வீடியோ பார்த்து 8.8.8.8-ன்னு என்னமோ டிஎன்எஸ் மாத்தினான். அதை மாத்தணும்னா என் போன்ல ஐபியையும், அதாவது மோடம் போனுக்குக் குடுக்கிற நம்பரையும், ஸ்டேட்டிக்னு மாறாம நிக்கிற மாதிரி வெச்சாத்தான் முடியுமாம். பழைய மோடம் வீட்டுக்குள்ள குடுக்கிற நம்பர் 192.168.1-ன்னு ஆரம்பிக்கும், புதுசுல 192.168.100. மத்த போன் எல்லாம் புது நம்பரைக் கேட்டு வாங்கிக்கிச்சு. என் போன் பழைய நம்பரையே பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கு. பேரும் பாஸ்வேர்டும் மாறாததால வைஃபையில சேருது, வெளிய போகத்தான் வழி தெரியலை. ஸ்டேட்டிக்கை டிஹெச்சிபின்னு, அதாவது மோடம்கிட்ட நம்பரைக் கேட்டு வாங்கிக்கிற மாதிரி, மாத்தி சேவ் பண்ணான். ரெண்டு நிமிஷம். ஆச்சரியக்குறி போச்சு.

அவன் இன்னொண்ணும் சொன்னான், அதைக் கேட்டுத்தான் எனக்கு ரத்தம் கொதிக்குது. வைஃபை ஐசி போயிருந்தா பெரும்பாலும் வைஃபை ஆனே ஆகாது, இல்ல லிஸ்டுல ஒரு பேரும் காட்டாது. மோடத்தோட சேர்ந்து பாஸ்வேர்டு ஏத்துக்குதுன்னா ஐசி வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். ஸ்டேட்டிக் எங்க வீட்டு வைஃபைக்கு மட்டும் போட்டது, அதனால வேற எந்த வைஃபையிலயும் அந்தப் போன் முன்னாடியே ஓடியிருக்கும். அவன் கடையிலயும் ஓடியிருக்கும்! கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுக் காட்டுன்னு நான் கேட்கலையே. எதுக்கு 3,800 ரூபாய் வாங்கினான்? ஐசியை மாத்தினானா, சும்மா கழட்டி மாட்டினானா?

இன்னைக்குக் காலையில வேற நம்பர்ல இருந்து அடிச்சேன், எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். "ஐசி மாத்தினதாலதான்க்கா இப்போ ஓடுது"ன்னான். பழைய ஐசி எங்கடான்னேன். "குப்பையில போட்டாச்சு." கட் பண்ணிட்டான்.

இந்த மாதிரி ஆனா என்னென்ன பார்க்கணும்னு ஒவ்வொண்ணா எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்துல ஒண்ணும் வரிசையா வர மாட்டேங்குது. வீட்டுல மத்த போன் ஓடுதா பாருங்க. உங்க போனை வேற ஒருத்தர் ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பாருங்க. அதுல ஓடினா போனுக்குள்ள சாமான் எதுவும் கெடலைன்னு அர்த்தம், கடைக்குப் போகாதீங்க. வீட்டு வைஃபையை 'ஃபர்கெட்' குடுத்துட்டு மறுபடி பாஸ்வேர்டு அடிச்சுச் சேருங்க, இதைச் செஞ்சிருந்தாலே என்னுது சரியாகியிருக்குமாம். போன்ல தேதி, நேரம் தப்பா இருந்தாலும் நெட் வராது. கடைக்குப் போயே ஆகணும்னா கழட்டும் முன்னாடி கடை வைஃபையில போட்டுக் காட்டச் சொல்லுங்க, பழைய சாமானைக் கையில வாங்குங்க, பில் இல்லாம கேஷ் குடுக்காதீங்க. நுகர்வோர் புகாருக்கு 1915 இருக்கு, நானும் கூப்பிடப் போறேன். ஆனா காட்டுறதுக்கு என்கிட்ட இருக்கிறது அந்தக் கிறுக்கின கார்டு மட்டும்தான்.

போனோட பின்மூடி சரியா ஒட்டாம ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குது, ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருக்கேன். வர்ற சனிக்கிழமை வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போறேன். ஐசியைக் காட்டட்டும், இல்ல என் 3,800 ரூபாயை எடுத்து வெக்கட்டும்.