டூட்டி தேடும் தளம்: விலை குறைந்தால் வாங்கிவிடலாமா?

"அந்த டேரிஃப் தளத்துல சந்தாவைக் குறைச்சிருக்காங்களாமே, எடுத்துடட்டுமாண்ணே?" என்று திருப்பூர் நண்பர் கேட்டார். தையல் மெஷின் உதிரிபாக இறக்குமதியில் புதிதாக இறங்கியிருக்கிறார். நானும் அதே தொழில்தான். அந்தத் தளத்தைச் சில வருடமாகப் பயன்படுத்துகிறேன். எச்எஸ் கோடு, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணைக் கொடுத்தால் டூட்டியை (இறக்குமதி வரியை) கணக்குப் போட்டுக் காட்டும் தனியார் தளம் அது, பெயர் வேண்டாம். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ஆத்திரம் எல்லாம் அதன் தேடுபெட்டி மேல்தான். 'நீடில்' என்று அடித்தால் நீளமாக ஒரு பட்டியல் கொட்டும். தையல் மெஷின் ஊசி 8452 30, நிட்டிங் மெஷின் ஊசி 8448 51, கையால் தைக்கிற ஊசி 7319, ஆஸ்பத்திரி ஊசி 9018. எல்லாம் வரும். எது எதற்கு என்று பிரித்துச் சொல்லும் விளக்கம் மட்டும் வராது. சரி, ஊசியையாவது தொழில் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். 'பார்ட்ஸ்' விஷயம்தான் பொறுக்க முடியாதது.

தையல் மெஷின் பாகங்களுக்கு 8452 90. எந்த உதிரிபாகத்தின் பெயரை அடித்தாலும் தளம் இதைத்தான் முதல் விடையாகத் தள்ளும். பாபின் கேஸுக்கு (கீழ்நூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடு) அது சரி. மோட்டார் பெல்ட்டுக்கு? வல்கனைஸ் செய்த ரப்பர் பெல்ட் என்றால் அது 4010. டேரிஃபின் (சுங்க வரிப் பட்டியலின்) 16ஆம் பிரிவின் முதல் குறிப்பே அதை மெஷின் பாகக் கணக்கிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. சாதாரண ஸ்க்ரூ 7318, ஸ்பிரிங் 7320. இவை எந்த மெஷினுக்கும் போகிற பொதுப் பாகங்கள் என்று 15ஆம் பிரிவின் இரண்டாம் குறிப்பு சொல்கிறது. பால் பேரிங் 8482, மோட்டார் 8501. இவற்றுக்குத் தனித் தலைப்பு (நாலு இலக்க எண்) இருப்பதால் அங்கேதான் போகும். ஒரே கார்ட்டனில் வந்து ஒரே மெஷினுக்குப் போகிற சாமானுக்கு ஆறு தலைப்பு! இந்தப் பிரிவுக் குறிப்புகளில் ஒன்றுகூடத் தேடல் முடிவில் தெரியாது.

பெல்ட்டுக்குத் தளம் கொடுத்த 8452 90 தாளோடு ஒரு முறை பேப்பர்கள் தூத்துக்குடிக்குப் போயின. பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) போடும் முன்பே, சுங்க வேலையைப் பார்க்கும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் பிடித்துவிட்டார். "தம்பி, ரப்பர் பெல்ட்டுக்கு மெஷின் பார்ட்ஸ்னு காட்டுது பாருங்க. நோட்ஸ் இல்லாத ரேட்டை எப்படி நம்புறது?" என்றார். அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் சுங்க அதிகாரிகளின் அசெஸ்மென்ட்டில் கேள்வி வந்து, சரக்கு நின்று, டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஓடியிருக்கும். தளத்துக்கு எழுதினேன். வகைப்பாட்டுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு வரியில் பதில். பொறுப்பை யார் கேட்டார்கள்? குறிப்பை முடிவுக்குப் பக்கத்தில் போடுங்கள் என்றுதானே கேட்டேன். மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகவே கிடைக்கிறது அது. காசு வாங்குகிறவர்கள் அதைக்கூடச் சேர்த்துத் தரவில்லை என்றால் கோபம் வராதா?

ஆனால் நல்லதையும் சொல்லியாக வேண்டும். தேதியைக் கொடுத்தால் அன்றைய விகிதத்தைக் காட்டும் அந்தத் தளத்தின் தேதிப் பெட்டி உண்மையிலேயே அருமை. 1962 சுங்கச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, சரக்கை நேராக உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு எடுத்தால் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்த நாளின் விகிதம்தான் பொருந்தும்; முன்கூட்டியே தாக்கல் செய்திருந்தால் கப்பலுக்கு உள்நுழைவு அனுமதி கிடைத்த நாள். ஆக, தேதி மாறினால் பணம் மாறும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது 21, 22 இரண்டு தேதியையும் போட்டு, இரண்டு தொகையையும் அறிவிக்கை எண்ணோடு எடுத்து முதலாளி முன் வைக்க முடிந்தது. கையால் தேடியிருந்தால் அன்றைக்கு முழு நாளும் போயிருக்கும்.

சரக்கு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று தேர்வு செய்யும் வசதியும் நன்றாக இருக்கிறது. உதாரணமாக, 100 ரூபாய் சரக்குக்குப் பேசிக் டூட்டி (அடிப்படைச் சுங்க வரி) 7.5 சதவீதம், அதில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி 0.75, ஆக 108.25 ரூபாய்மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 18 சதவீதம், மொத்த வரி 27.735. ஏஜென்ட்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற எண் இது. 2011இலிருந்து நடப்பில் இருக்கும் ஜப்பானுடனான வர்த்தக ஒப்பந்தத்தில் அந்தப் பொருளுக்குப் பேசிக் முழுதாக விலக்கு என்றால், கூடுதல் வரியும் சேர்ந்து விழுந்து வெறும் 18தான் மிஞ்சும். தளம் இந்த வித்தியாசத்தை உடனே காட்டும். அந்தச் சலுகைக்குச் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் (எந்த நாட்டுப் பொருள் என்பதற்கான சான்று) வேண்டும் என்பதையும் கூடவே ஞாபகப்படுத்தும். 2020இல் வந்த விதிகளுக்குப் பிறகு அந்தச் சான்று மட்டும் போதாது, பொருள் அங்கேதான் தயாரானது என்பதற்கான விவரங்களையும் இறக்குமதியாளர் கையில் வைத்திருக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இவ்வளவு பாராட்டினாலும் நண்பருக்கு என் பதில், எடுக்க வேண்டாம். நானும் இந்த வருடம் புதுப்பிக்கப் போவதில்லை. தேதிப் பெட்டி இல்லாமல் சிரமப்படுவேன், தெரியும். இருந்தாலும், கோடு சரியாக இருந்தால்தான் ரேட்டுக்கு மதிப்பு. தப்பான கோடுக்குத் துல்லியமான ரேட் காட்டுகிற இடத்துக்குப் பாதி விலை கொடுக்கவும் எனக்கு மனசில்லை.

அதற்குப் பதிலாக டேரிஃபின் 15, 16ஆம் பிரிவுக் குறிப்புகளை அச்செடுத்து மேஜையில் வையுங்கள். அடிக்கடி இறக்குகிற பொருளில் சந்தேகம் தீரவில்லை என்றால் அட்வான்ஸ் ரூலிங் (இறக்குமதிக்கு முன்பே அதிகாரபூர்வமாகப் பெறும் தீர்ப்பு) கேட்க வழி இருக்கிறது. பெல்ட், ஸ்க்ரூ, பேரிங் எல்லாவற்றையும் 'மெஷின் ஸ்பேர்ஸ்' என்று ஒரே வரியில் அடைக்காமல், என்ன பொருளால் ஆனது என்பதோடு இன்வாய்ஸில் தனித்தனி வரியாகப் போடச் சொல்லி சப்ளையரிடம் இப்போதே பேசிவிடுங்கள். முதல் சரக்கு கிளம்பிவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு.