ஊட்டி தோடர் மந்து நடை: பீட்டர் கதைக்காகவே போகலாம்

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் தோடர் மந்துக்கு (தோடர் பழங்குடியினரின் சிறு குடியிருப்பு) உள்ளூர் கைடு ஒருவர் காலையில் நடத்திக் கூட்டிப்போகிறார். ஆளுக்கு 500 ரூபாய், தாராளமாகக் கொடுக்கலாம். வழக்கமாக 'இதுதான் தோடர் குடிசை, போட்டோ எடுத்துக்கோங்க' என்று பத்தே நிமிஷத்தில் கிளப்பிவிடுவார்கள். இவர் மந்துக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் நம்மை உள்ளே விடுகிறார், கோயில் பக்கம் யாரையும் நெருங்கவிடுவதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஏற்றத்தில் அவர் சொன்ன இளவரசர் பீட்டர் கதை. கிரேக்க அரச குடும்பம், அம்மா உளப்பகுப்பாய்வு அறிஞர் பிராய்டுக்கு நெருக்கமான மேரி போனபார்ட். லண்டனில் மாலினோவ்ஸ்கியிடம் மானிடவியல் படித்துவிட்டு, ஒரு பெண்ணுக்குப் பல கணவர் என்ற வழக்கத்தை ஆராயக் கிளம்பியவர் தோடர்களைத் தேடி நீலகிரிக்கே வந்துவிட்டார். 1939-இல் சென்னையில் இரினா என்ற ரஷ்யப் பெண்ணை மணந்ததில் அரியணை உரிமை போயிற்று. உலகப் போரில் கிரேக்க ராணுவ அதிகாரி, போர் முடிந்து சில வருஷத்தில் மறுபடி இந்தியா, அப்புறம் 1957 வரை மேற்கு வங்க மலையூரான காலிம்போங்கில் திபெத்திய ஆய்வு, சுவடி சேகரிப்பு. என்ன ஒரு வாழ்க்கை!

தோடர் சடங்குகளில் பண்டைய ஈராக்கின் சுமேரிய நாகரிகச் சுவடு இருக்கலாம் என்று பீட்டர் 1951-இல் சென்னை அருங்காட்சியக இதழில் எழுதினார். அந்தக் கட்டுரையின் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார் கைடு, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. சுமேரியா என்றதும் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள், அதோடு விட்டால் கைதட்டலும் கிடைக்கும். இவர் விடவில்லை. 1930களில் இங்கே தங்கி தோடர் மொழியைப் பதிவு செய்த மொழியியலாளர் எமனோவைச் சொல்லி, அது தமிழுக்கு உறவான தென் திராவிட மொழி என்பதைப் பொறுமையாக விளக்கினார். பீட்டரின் ஊகத்தை அறிஞர்கள் ஏற்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. இந்த நேர்மைக்கே தனியாகக் காசு கொடுக்கலாம்.

மேலே ஒரு பாட்டி பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். துணியில் கோடு எதுவும் வரையாமல், இழையை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாக. பேரம் பேசாமல் வாங்குங்கள்.

குறை என்றால் வேகம். ஏற்றத்தில் கைடு பாட்டுக்குப் போய்விடுகிறார், பெரியவர்கள் மூச்சு வாங்கிப் பின்தங்கிவிடுகிறார்கள், கதையில் பாதி அவர்கள் காதில் விழுவதில்லை. முட்டிவலிக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நின்று நிதானமாகக் கூட்டிப்போவார். மழை நாளில் பாதை வழுக்கும், நல்ல ஷூ வேண்டும்.