அட்ரீனல் சுரப்புக் குறைவு: அமிலாய்டா, ஸ்டீராய்டா?

பரம்பரை அழற்சி நோய்களில், குறிப்பாகக் காய்ச்சலும் வயிற்றுவலியும் திரும்பத் திரும்ப வரும் குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சலில், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி இரண்டு வழியில் கைவிடலாம்.

ஒன்று, அடங்காத அழற்சியால் அமிலாய்டு என்ற பிறழ்ந்த புரதம் சுரப்பியிலேயே படிவது. அது சுரக்கும் கார்டிசோல் ஹார்மோனோடு, உடலில் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனும் குறையலாம். அட்ரீனலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏசிடிஎச் ஏறும், உள்ளங்கை ரேகைகள் கறுக்கும், உப்புக்கு நாக்கு ஏங்கும். இப்படிக் கெட்ட சுரப்பி மீள்வது அரிது. அதனால்தான் அழற்சியை அடக்கி அமிலாய்டைத் தடுக்கும் கால்சிசின் மாத்திரையை விடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

இன்னொன்று, பல மாதம் ஸ்டீராய்டு எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவது. ஏசிடிஎச் தாழ்ந்திருக்கும், தோல் கறுக்காது. மெல்லக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டிலும் ஆபத்து ஒன்றே. வாந்தி, வயிற்றுவலி வந்தால் ‘வழக்கமான காய்ச்சல்தான்’ என்று படுத்துவிடுகிறோம். தலைசுற்றி ரத்த அழுத்தமும் இறங்கினால் அட்ரீனல் நெருக்கடியாக இருக்கலாம்; பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் கார்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட வேண்டும்.